சாயங்காலம் வரவேண்டிய கணவர்

"தனியா வந்திருக்கீங்களா, இல்ல துணைக்கு யாராவது உண்டா?" என்று கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசைப் பெண் ரிஸிகி கேட்டபோது, நெகேசா வாய் திறப்பதற்குள் அக்காளின் குரல் தலைக்குள் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது.

அக்கா நஃபுலா அப்போது புங்கோமாவில், ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் வரவேண்டிய தூரத்தில், தன் வீட்டில் நிம்மதியாக இருந்தாள். ஆனால் கிளம்புகிற அன்று அவள் ஓதி அனுப்பியதெல்லாம் நெகேசாவோடு பஸ் ஏறி, தியானிக் கடற்கரை வரைக்கும் கூடவே வந்திருந்தது.

"அடியே, தனியா வந்தேன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. ரூம் நம்பரை எவன் கேட்டாலும் சொல்லாத. திறந்து வச்ச கிளாஸ்ல எதையும் குடிக்காத. ராத்திரி கதவுக்கு ஒரு நாற்காலி முட்டுக் கொடு. இந்தா, என் மோதிரம். எனக்கு இப்ப விரல்ல ஏறல, நீ போட்டுக்க. யார் கேட்டாலும் புருஷன் சாயங்காலம் வர்றார்னு சொல்லு. புருஷன் இருக்கிறவகிட்ட எவனும் வாலாட்ட மாட்டான்."

நெகேசா மோதிர விரலை மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள்.

"துணை இருக்கு. என் வீட்டுக்காரர். சாயங்காலம் வர்றார்."

"சந்தோஷம். அவர் பேரு?"

இதற்கு அக்கா பாடம் சொல்லித் தரவில்லை. நாற்பத்தெட்டு வயதுவரை கல்யாணமே ஆகாதவளிடம் திடீரென்று புருஷன் பெயரைக் கேட்டால் அவள் எங்கே போவாள்? மழைக்காலத்தில் பிறந்த பெண்ணுக்கு நஃபுலா என்றும் ஆணுக்கு வஃபுலா என்றும் பெயர் வைப்பது அவர்களுடைய லூயா இனத்தின் வழக்கம். நெகேசா அக்காளை அப்படியே ஆணாக்கிவிட்டாள்.

"வஃபுலா."

ரிஸிகி படிவத்தில் 'துணை உண்டு' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டாள். அத்தோடு நெகேசாவுக்குக் கல்யாணம் முடிந்தது.

நெகேசா ஒரு பெண்கள் பள்ளியில் மாணவியர் விடுதிக் காப்பாளர். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று முறை மாணவிகளோடு மொம்பாசாவுக்குச் சுற்றுலா வந்திருக்கிறாள். மூன்று முறையும் கடலைத் தொடவில்லை. முதல் முறை ஒருத்திக்கு மலேரியாக் காய்ச்சல். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெகேசா பஸ்ஸிலேயே இருந்தாள். இரண்டாம் முறை ஒருத்தி காணாமல் போய், ஊரெல்லாம் தேடியதில், கடைசியில் அவள் பஸ் நிலையத்தில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் முறை எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிட, முப்பத்தெட்டு ஜோடிச் செருப்புக்கு யாராவது காவல் இருக்க வேண்டியிருந்தது.

அவளுக்குச் சும்மா காலை நனைக்க ஆசையில்லை. கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும். ஓர் அலை வந்து தன்னை அப்படியே தூக்க வேண்டும். தங்கைமாரைத் தூக்கி வளர்த்தாள், அக்காள் பிள்ளைகளைத் தூக்கினாள், காய்ச்சல்காரப் பெண்களை மாடிப்படியில் தூக்கி இறக்கினாள். ஒரே ஒரு தடவை தன்னை ஏதாவது ஒன்று தூக்கட்டுமே என்றிருந்தது அவளுக்கு. அதற்காகத்தான் வியாழன் முதல் ஞாயிறு மத்தியானம் வரை தங்குவதாக லீவு போட்டு வந்திருந்தாள்.

அறையில் பெட்டியை வைத்ததும் காங்காத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே கரைக்குப் போனாள்.

கரையில் ஒரு பலகை. 'இங்கே நீரோட்டம் உண்டு. பெண் விருந்தினர்கள் துணையின்றிக் கடலில் இறங்க வேண்டாம்.' பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் நீலச் சீருடை போட்ட ஓர் இளம்பெண், பக்கத்தில் பெரிய ரப்பர் மிதவை. பெயர் மிஷி என்று சட்டையில் தைத்திருந்தது. நெகேசாவைக் கண்டதும் அவள் ஆவலோடு எழுந்தாள்.

"வாங்கம்மா. எந்த ரூம்?"

"அது எதுக்கு உனக்கு?"

"சரி, பேரு சொன்னாப் போதும்." பெயரைக் கேட்டுக்கொண்டு மிஷி கையிலிருந்த விருந்தினர் பட்டியலில் விரலை ஓட்டினாள். அவள் முகம் சுருங்கியது. "துணை உண்டுன்னு போட்டிருக்கே."

"ஆமா. சாயங்காலம் வர்றார்."

"நிச்சயமா வர்றாராம்மா?"

"என் புருஷன் வர்றதுல எனக்கில்லாத சந்தேகம் உனக்கு எதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. அய்யா வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குங்க. தனியா விட முடியாது."

மிஷி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். இந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது, இவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று நெகேசா முடிவு செய்தாள். இருபதடி தூரத்தில் கடல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

அங்கே வேறு இரண்டு பெண்களும் இருந்தார்கள். காதில் பெரிய வளையம் போட்ட ஒரு நைரோபிக்காரி. அவள் புருஷன் சதா போனில் வியாபாரம் பேசுகிறவராம். இன்னொருத்தி கம்பாலாக்காரி. அவள் புருஷன் கோல்ஃப் ஆடப் போயிருக்கிறாராம். இரண்டு பேரும் ஆளுக்கொரு குடையின் கீழ் முழு உடுப்போடு உட்கார்ந்து, சொட்டுத் தண்ணீர் படாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டின புருஷன் பக்கத்திலேயே இருந்தும் இறங்காமல் இருக்கிறார்களே, கடலின் அருமை தெரியாதவர்கள் என்று நெகேசாவுக்கு எரிச்சலாக வந்தது. பொறாமையாகவும் இருந்தது. போனில் பேசினாலும் கோல்ஃப் ஆடினாலும் அவர்களுக்கு ஓர் ஆள் இருக்கிறானே.

இரவு அக்காளுக்குப் போன் போட்டாள்.

"என்னை ஒருத்தி சந்தேகமாப் பாக்குறாக்கா."

"பொட்டியில உங்க அத்தான் ஷூ ஒரு ஜோடி வச்சிருக்கேன். வாசல்ல வை. ஆம்பளை ஷூவைப் பாத்தா வாயை மூடிக்குவாங்க."

அத்தான் கரும்பாலையில் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் காலுக்குக் கடையில் ஷூ கிடைக்காது, சொல்லித்தான் செய்ய வேண்டும். நெகேசா அவற்றை வாசலில் வைத்தாள். இரண்டு சிறு தோணிகளைக் கரையேற்றி வைத்ததுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஷூ இல்லை.

கால் மணி நேரத்தில் ரிஸிகி அவற்றைப் பளபளவென்று பாலிஷ் போட்டு, இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு வந்தாள். வாசலில் கிடக்கும் ஷூவைப் பாலிஷ் போட்டு வைப்பது அந்த விடுதியின் வழக்கம்.

"அய்யா வந்துட்டாங்கன்னு சொல்லவே இல்லையேம்மா. கேட்ல யாருமே பாக்கலையாம்."

"விடியக்காலைல வந்தார். களைப்பு. தூங்குறார்."

"இந்தக் காலுக்கு எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

"கதவுல தலை இடிக்கும்," என்றாள் நெகேசா. சொல்லி முடித்ததும் அவளுக்கே அப்படி ஒருவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. அந்த நினைப்பு அவ்வளவு மோசமாக இல்லை.

செய்தி சமையல்கட்டுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. தலைமைச் சமையல்காரர் பராசா, காக்கமேகா ஊர் லூயாக்காரர், வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார்.

"நம்ம ஆளாமே. எந்தப் பக்கம்?"

"புங்கோமா."

"அப்ப எனக்குத் தம்பி முறை. ஏழு வருஷமா கொறிச்சுக் கொறிச்சுத் தின்கிறவங்களுக்கு ஆக்கிப் போட்டு என் கை மரத்துப் போச்சும்மா. இன்னிக்குத்தான் ஒரு மனுஷனுக்குச் சமைக்கப் போறேன். அவரை எழுப்பாதீங்க. சாப்பாடு அறைக்கே வரும்."

வந்தது. ஒரு முழுக் கோழி, மலை மாதிரி உகாலிக் களி, கீரை, அப்புறம் தனியாக மூடி போட்ட ஒரு சிறு தட்டு. நெகேசா மூடியைத் திறந்தாள். கோழியின் இரைப்பை.

லூயா வீட்டில் கோழியடித்தால் இரைப்பை வீட்டு ஆம்பிளைக்கு. பெண்கள் சமைப்பார்கள், தட்டில் வைத்து நீட்டுவார்கள், அதோடு சரி. நெகேசா தன் வாழ்நாளில் எத்தனையோ இரைப்பைகளைக் கழுவிச் சுத்தம் செய்திருக்கிறாள். ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை. கோழியில் பாதியையும் களியில் கால்வாசியையும் மூச்சு முட்டச் சாப்பிட்டுத் தீர்த்தாள். இரைப்பையின் பக்கம் கை போகவே மறுத்தது. இல்லாத புருஷனுடையதுதான் என்றாலும் புருஷனுடையது. மூடி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் பராசா கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"இரைப்பையைத் தொடவே இல்லையாமே."

"அது... பசியில்லையாம்."

"பாதிக் கோழியைத் தின்னுட்டு இரைப்பையை ஒதுக்கியிருக்கார். எங்க பக்கம் இரைப்பையை ஒதுக்குற ஆம்பளை ரெண்டே பேர்தாம்மா. ஒருத்தன் செத்தவன். இன்னொருத்தன் சாகக் கிடக்கிறவன். நெசத்தைச் சொல்லுங்க. தம்பிக்கு என்ன?"

"கொஞ்சம் வயிறு சரியில்ல," என்று மென்று விழுங்கினாள் நெகேசா.

சொல்லியிருக்கக் கூடாது. பராசா அதே ஓட்டமாகப் போய் விடுதி நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நர்ஸ் கையில் ஊசிப் பெட்டி. நெகேசா ஒரே பாய்ச்சலில் குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்தாள்.

"குளிக்கிறார்."

"பரவாயில்ல, இருக்கேன்," என்று நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அரைமணி நேரம் போனது. முக்கால் மணி ஆனது. நர்ஸ் கடிகாரத்தையும் குளியலறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரிய உடம்பு. குளிக்க நேரம் ஆகத்தானே செய்யும்," என்றாள் நெகேசா. ஒரு மணி நேரம் ஆனபோது தண்ணீர்ச் சத்தம் தானாகவே நின்றது. தொட்டி காலி. அந்த வரிசை முழுக்கக் குழாய்கள் வறண்டுவிட்டன. பக்கத்து அறைக் கதவு திறந்து, நைரோபிக்காரி துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரு இப்படித் தண்ணிய ஊத்துறது? என் வீட்டுக்காரர் பாதிக் குளியல்ல நிக்கிறார்," என்றாள். சோப்பு நுரை அவள் தலையில்தான் இருந்தது. அந்தக் களேபரத்தில் நர்ஸும் தண்ணீர்க்காரரைத் தேடிப் போய்விட்டாள்.

அன்றும் கடல் இல்லை. நெகேசா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கட்டிலின் மறுபக்கம் யாரும் தொடாத தலையணை கிடந்தது. வஃபுலா என்று ஒருவர் உண்மையிலேயே இருந்திருந்தால், இவ்வளவு பெரிய காலோடு, கதவில் தலையை இடித்துக்கொண்டு வந்து, "என்னடி, கடலுக்குப் போலாமா?" என்று கேட்டிருப்பார் என்று நினைத்தாள். இருபத்தாறு வயதில் ஒரு கணக்கு வாத்தியார் அவளைக் கேட்கத்தான் செய்தார். தங்கைகள் படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிவதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று இத்தனை நாள் அவளும் நினைத்ததில்லை. இன்றைக்குத்தான் அது வலித்தது.

சனிக்கிழமை காலை பராசா மறுபடி வந்து, மொம்பாசாவிலிருந்து டாக்டரை வரவழைக்கப் போவதாகச் சொன்னார். நெகேசாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

"டாக்டரெல்லாம் வேண்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்குள்ள சண்டை. அவர் கோவத்துல யார் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேங்கிறார்."

பராசா நீண்ட மூச்சு விட்டார். "சண்டையா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். அப்பாடா என்று நெகேசாவும் உட்கார்ந்தாள்.

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று தெரிந்தால் பெரியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதை அவள் மறந்துபோனாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அறை வாசலில் ஆறு நாற்காலிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பராசா, விடுதி மேலாளர், நர்ஸ், தோட்டக்காரர், ரிஸிகி, ஆறாவதாகத் தண்ணீர்க்காரர். நெகேசா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவோடு கதவாக நின்றாள்.

பராசா தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி வஃபுலா. நான் உன் மூஞ்சியப் பாத்ததில்ல. ஷூவைத்தான் பாத்திருக்கேன். இருந்தாலும் அண்ணன் முறையில சொல்றேன், கேளு. என்ன சண்டைன்னு நாங்க கேக்கல. ஆனா உன் பொண்டாட்டி மூணு நாளா அந்த ஜன்னல்ல நின்னு கடலைப் பாக்குறா. பசிச்ச புள்ள அடுப்பைப் பாக்குற மாதிரி பாக்குறா. சமையல்கட்டுலருந்து எனக்கே தெரியுது. பக்கத்துலயே இருக்கிற உனக்குத் தெரியலையா? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

உள்ளே நெகேசாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நியாயமான கேள்விதானே. மூன்று நாளாக இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருக்கிறார்? இல்லாத ஒருவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நீ பேச வேண்டாம்," என்றார் பராசா. "சம்மதம்னா ஒரு தடவை இருமு. நாங்க போயிடுறோம்."

அவர்கள் போனால் போதும் என்றிருந்தது நெகேசாவுக்கு. இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து கனமாக ஓர் இருமல் இருமினாள்.

வெளியே ஒரே ஆனந்தம். ரிஸிகி குலவையிட்டாள். மேலாளர் எழுந்து கதவோடு கைகுலுக்குவது போலக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார்.

"அப்ப நாளைக்குக் காலைல பத்து மணிக்கு," என்றார் பராசா. "நாங்க எல்லாரும் கரைக்கு வர்றோம். தம்பி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதை நாங்க கண்ணால பாக்கணும்."

அன்றிரவு அக்காள் இரண்டு முறை கூப்பிட்டாள். நெகேசா எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே அவள் காங்காவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பத்து மணிக்கு முன் ஒன்று கடலில் இறங்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நாலாவது தடவையாகக் கடலைத் தொடாமல் ஊர் திரும்பினால் அப்புறம் தன்னால் வரவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வயதோ லீவோ காரணமில்லை. ஆசைப்படவே பயம் வந்துவிடும்.

கரையில் மிஷி அதற்குள் நாற்காலியில் இருந்தாள். கம்பாலாக்காரியும் நைரோபிக்காரியும் ஆளுக்கொரு பக்கமாக மணலில் தனித்தனியே நடந்துகொண்டிருந்தார்கள்.

மிஷி எழுந்தாள். "அய்யா வரலையா?"

நெகேசா மோதிரத்தைப் பிடித்து இழுத்தாள். அது எளிதில் வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றினாள்.

"தங்கச்சி, நீ சந்தேகப்பட்டது சரிதான். எனக்குப் புருஷன் கிடையாது. இது எங்க அக்கா மோதிரம். ஷூ எங்க அத்தானோடது. இருமல் என்னோடது. போலீஸ்ல சொன்னாலும் சரி, மேலாளர்கிட்டச் சொன்னாலும் சரி. ஆனா பத்து நிமிஷம் என்னை இதுல இறங்க விடு."

மிஷி அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"புருஷன் இல்லையா? நெசமாவா?"

"நெசமா."

"அண்ணன், தம்பி, அப்புறமா வரப்போறவங்க?"

"யாரும் வரல. யாரும் வரப்போறதும் இல்ல. நான் தனியாத்தான் வந்தேன்."

சொன்ன பிறகு மூன்று நாளாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போனது போல இருந்தது. மிஷிக்குக் கண் கலங்கிவிட்டது. பரிதாபப்படுகிறாள் என்று நினைத்து நெகேசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிஷி பரிதாபப்பட நேரமில்லாதவள் போலக் காலணியை உதறினாள், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள், மிதவையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெகேசாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்க. வலது காலை முதல்ல வைங்க. கையை மட்டும் விட்டுடாதீங்க."

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. காங்கா குடை மாதிரி விரிந்து மிதந்தது. கழுத்துவரை வந்ததும் மிஷி நின்றாள். "இப்ப வரும் பாருங்க, பயப்படாதீங்க," என்றாள். அலை வந்தது. சத்தம் போடாமல், ஒரு பெரிய ஆள் குழந்தையை எடுப்பது போல, நெகேசாவை அப்படியே தூக்கியது. கால் தரையில் இல்லை. நாற்பத்தெட்டு வருடக் கனமும் இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள், உப்புத் தண்ணீரைக் குடித்தாள், மறுபடியும் சிரித்தாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பதினேழு அலைகளுக்குக் காத்திருந்தாள்.

கரையில் கம்பாலாக்காரியும் நைரோபிக்காரியும் நடப்பதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெகேசாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"தங்கச்சி, அவங்க பாக்குறாங்க. தனியா வந்தவளைக் கடல்ல இறக்குனேன்னு மேலாளர்கிட்டப் போட்டுக் குடுத்துட்டா உன் வேலைக்கு ஆபத்தில்லையா?"

மிஷி அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"தனியா வர்ற பொம்பளைங்களை இப்படிக் கையப் புடிச்சுக் கடலுக்குள்ள கூட்டிட்டு வர்றதுக்குத்தாம்மா என்னை வேலைக்கே வச்சிருக்காங்க. ஏழு மாசமா உக்காந்திருக்கேன், நீங்கதான் முதல் ஆளு. அந்தா கரையில நிக்கிறாங்களே, அவங்க புருஷனுங்கள்லாம் இன்னும் சாயங்காலம்தான் வரணும்."